கலையின் அடியில் இருக்கும் வேட்கை: இயந்திரம் வரையும் காலத்தில் ஒரு விளக்கம்

கணினியில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் அரை நிமிடத்தில் ஓர் ஓவியம் வந்து நிற்கிறது. 2022-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், டிஜிட்டல் கலைப் பிரிவில் முதல் பரிசு வாங்கிய படம் அப்படிப் பிறந்ததுதான். அன்று மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை. 2025 மார்ச்சில், குடும்பப் புகைப்படங்களை ஜப்பானின் அனிமேஷன் பட நிறுவனமான கிப்லி ஸ்டுடியோ பாணிக்கு மாற்றிப் பகிரும் மோகம் பரவியபோது, அந்தச் சண்டை நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது.

படம் நன்றாக இருந்தால் போதும், யார் வரைந்தால் என்ன என்கிறது ஒரு தரப்பு. மனிதக் கை படாதது கலையே இல்லை என்கிறது இன்னொரு தரப்பு. மூன்றாவதாக ஒரு குரலும் உண்டு: "எனக்கு வரையத் தெரியாது, ஆனால் படைக்க வேண்டும் என்ற ஆசை என்னுடையது. ஆகவே படமும் என்னுடையதுதான்."

இந்த மூன்றாவது குரலை எளிதில் தள்ளிவிட முடியாது. கலைக்கு உயிர் படைக்கும் ஆசைதான் என்று நாமே காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அப்படியானால் ஆசை மட்டும் இருந்தால் போதுமா? அந்த ஆசை வேலையின் எந்த இடத்தில் இருக்கிறது? எப்போது கெடுகிறது? அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

நான்கு சொற்களைப் பிரித்து வைப்போம்

இந்த விவாதத்தில் நான்கு வேறு வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன.

1. ஆசை. சுவரில் ஓர் ஓவியம் தொங்க வேண்டும், அதன் கீழே என் பெயர் இருக்க வேண்டும் என்பது ஆசை. பொருள் கைக்கு வந்ததும் அது தீர்ந்துவிடும்.

2. வேட்கை. பொருளைக் காட்டிலும் அதைச் செய்வதில் இருக்கும் நாட்டம். கை துறுதுறுக்கிறது என்று வீட்டில் சொல்வோம். தினவு என்ற பழைய சொல்லும் பொருந்தும். இக்கட்டுரையில் படைப்பு வேட்கை என்று குறிப்பிடுவது இதைத்தான்.

3. திறன். சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். பழகினால் வருவது திறன். வேட்கை இருந்தும் திறன் வராதவர்கள் உண்டு. திறன் இருந்தும் வேட்கை வற்றிப்போனவர்களும் உண்டு. அவர்கள் செய்ததையே செய்துகொண்டிருப்பார்கள்.

4. உரிமை. சட்டம் கொடுப்பது. ஒருவர் எவ்வளவு ஏங்கினார், எத்தனை இரவு விழித்தார் என்பதைச் சட்டம் அளப்பதில்லை.

ஆசைக்கும் வேட்கைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சாதாரண உதாரணம் காட்டிவிடும். பசித்தவருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தால் போதும். சமைக்கப் பிடித்தவருக்கு அது போதாது. அவர் அடுப்படிக்குப் போயே ஆக வேண்டும். மூன்றாவது குரல் பேசுவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி. கலையின் அடியில் இருப்பதாக நாம் சொல்லி வந்தது இரண்டாவதை.

ஒரு சாலை ஆய்வாளரின் பதினெட்டு ஆண்டுகள்

வேட்கையை அது வேலை செய்யும் இடத்திலேயே பார்ப்பதற்குச் சண்டிகரை விடச் சிறந்த ஊர் நம் நாட்டில் இல்லை என்பேன்.

நேக் சந்த் 1924-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷகர்கர் வட்டாரத்து கிராமம் ஒன்றில் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையில் ஊரை விட்டு இந்தப் பக்கம் வந்தவர். 1950-களின் தொடக்கத்தில், கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே திட்டமிட்ட பஞ்சாபின் புதிய தலைநகரான சண்டிகரில், பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகச் சேர்ந்தார். சிற்பப் பள்ளி எதிலும் படித்ததில்லை.

புதிய நகரத்துக்கு இடம் வேண்டும் என்று இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இடிக்கப்பட்டன. நேர்கோட்டுச் சாலைகளும் கான்கிரீட் மாளிகைகளும் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், இடிந்த வீடுகளின் ஓடு, பானை, பீங்கான், வளையல் எல்லாம் குப்பை மேடுகளாகக் குவிந்தன. தன் ஊரைப் பறிகொடுத்து வந்த மனிதர், பிறருடைய ஊர்களின் மிச்சத்தைப் பொறுக்கத் தொடங்கினார். மலையடிவார ஓடைகளிலிருந்து வடிவமுள்ள கற்களைச் சைக்கிளில் ஏற்றி வந்தார். ஒரு கல் பறவைபோல இருக்கும், இன்னொன்று குனிந்த கிழவிபோல இருக்கும். அவரைப் பொறுத்தவரை அவை வெறும் கற்கள் அல்ல.

சுக்னா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு காட்டுப் பகுதி இருந்தது. அங்கே எதுவும் கட்டக் கூடாது என்பது அரசின் தடை. 1950-களின் பிற்பகுதியில் அந்தக் காட்டுக்குள் கொஞ்சம் இடத்தைச் சுத்தம் செய்து, சேகரித்ததை எல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்தார். பகலில் அரசு வேலை. மாலையில் சைக்கிளை மிதித்துக் காட்டுக்கு. இருட்டினால் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை. அது சட்டவிரோதம், தெரிந்தால் வேலை போகும் என்பது அரசு ஊழியரான அவருக்குத் தெரியாததல்ல.

அவர் செய்த உருவங்களில் ஒன்றை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது பல சமயம் பழைய சைக்கிளின் உடல்தான்: முன் கவை காலாகிறது, சட்டம் முண்டமாகிறது, இருக்கை விலங்கின் தலையாகிறது. அதன்மேல் சிமெண்டும் மணலும். அதற்கும் மேலே, ஈரம் காய்வதற்குள் பதிக்க வேண்டிய மேல்தோல். பெண் உருவம் என்றால் ஆடை முழுவதும் வளையல் துண்டுகள்: ஒரு வரிசை பச்சை, அடுத்தது சிவப்பு, வளைவுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி. உடைந்த கண்ணாடி வளையல் கையைக் கிழிக்கும். ஆயிரக்கணக்கான துண்டுகள் ஒவ்வொன்றையும் எடுத்து, இது இங்கே, அது அங்கே என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் அது சேலை. கிட்டப் போனால், அது அவர் எடுத்த முடிவுகளின் குவியல்.

1975-இல் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது, சுமார் 12 ஏக்கரில் நூற்றுக்கணக்கான உருவங்கள் நின்றுகொண்டிருந்தன. விதிப்படி இடித்திருக்க வேண்டும். மக்கள் வந்து பார்த்தார்கள், அதிகாரிகளில் சிலரும் மனம் மாறினார்கள். 1976-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ராக் கார்டன் என்று இன்று உலகம் அறிந்த இடம் அதுதான். 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

பதினெட்டு ஆண்டு காலம் இந்த மனிதருக்குப் பார்வையாளர் இல்லை, பாராட்டு இல்லை, வருமானம் இல்லை. இருந்தது ஆபத்து மட்டும்.

அந்த இரவுகளில் தெரியும் மூன்று அடையாளங்கள்

நேக் சந்த் தனி ஒருவர் அல்ல. பிரான்சின் ஓத்ரீவ் கிராமத்தில் ஃபெர்டினான் ஷெவால் என்ற தபால்காரர் 1879-இல் நடைவழியில் ஒரு விசித்திரமான கல்லில் இடறினார். அதைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் இன்னும் சில. பிறகு கூடை, பிறகு தள்ளுவண்டி. 33 ஆண்டுகள் கழித்து, 1912-இல், தனிக் கையால் ஓர் அரண்மனையைக் கட்டி முடித்திருந்தார். 1969-இல் பிரெஞ்சு அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்தது.

நாடு, மொழி, நூற்றாண்டு எல்லாம் வேறு. ஆனால் இருவரிடமும் ஒரே அடையாளங்கள் தெரிகின்றன.

1. யாரும் கேட்காமல் தொடங்குகிறார்கள். முதல் கல்லை எடுக்கச் சொல்லி எவரும் கட்டளையிடவில்லை.

2. பொருள் திருப்பிப் பேச அனுமதிக்கிறார்கள். கல்லின் வடிவம் அடுத்த உருவத்தைத் தீர்மானிக்கிறது; கிடைத்த வளையலின் நிறம் சேலையின் நிறத்தை மாற்றுகிறது. முழுப் படத்தையும் மனத்தில் முடித்துவிட்டு, பிறகு வெளியே எடுத்து வைப்பதில்லை.

3. சிறு முடிவுகளைத் தாங்களே எடுக்கிறார்கள். அலுப்பூட்டும் முடிவுகளையும்கூட.

மூன்றாவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரியது. வேட்கை என்றால் வேலைக்கு முன்னால் வந்து போகும் ஓர் உணர்ச்சி என்று நினைக்கிறோம். தீக்குச்சிபோல, பற்றவைத்ததும் அதன் வேலை முடிந்தது என்பதுபோல. ஆனால் அது வேலை முழுவதும் எரிகிறது. அடுத்த துண்டை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருப்பது அதுதான். தேர்வுகள்தான் வேட்கையின் உடல்.

முடிந்த பொருள் நிலைத்து நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை. நம் வாசல் கோலமே சாட்சி. அரிசி மாவை இரண்டு விரலுக்கிடையே வழியவிட்டு, புள்ளிகளைச் சுற்றிக் கோடு அறுபடாமல் இழுத்து முடிப்பதற்குள் முதுகு கடுத்துவிடும். மதியத்துக்குள் காலடியிலும் எறும்பிலும் பாதி போய்விடும். மறுநாள் காலையில் வேறு கோலம். சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1970-களில் கோலங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் வரைமுறைகளைக் கணினி அறிவியலின் இலக்கண வடிவங்களாக எழுதிக்காட்டினார்கள். அத்தனை நுட்பம் அதற்குள் இருக்கிறது. அதைப் போட்டவர்கள் யாரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

சிம்பன்சிக்கும் உண்டா?

1950-களின் பிற்பகுதியில் லண்டன் விலங்கியல் பூங்காவில் காங்கோ என்ற சிம்பன்சிக்கு விலங்கியலாளர் டெஸ்மண்ட் மோரிஸ் பென்சிலும் வண்ணமும் கொடுத்துப் பார்த்தார். சில ஆண்டுகளில் அது சுமார் 400 படங்கள் போட்டது. 1957-இல் லண்டனில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு படத்தைப் பிக்காசோ வைத்திருந்தார்.

விஷயம் படங்களின் அழகில் இல்லை. நடுவில் தாளைப் பிடுங்கினால் காங்கோ ரகளை செய்தது. முடிந்துவிட்டது என்று அது கருதியபின் மேலும் வரையச் சொன்னால் மறுத்தது. தாளின் ஒரு பக்கத்தில் ஏற்கெனவே ஓர் உருவம் இருந்தால், பல சமயம் மறுபக்கத்தில் கோடு போட்டுச் சமன் செய்தது. தொடங்குதல், பொருளுக்குப் பதில் சொல்லுதல், நிறுத்தும் இடத்தைத் தானே முடிவு செய்தல் எல்லாம் அங்கே இருக்கின்றன.

மோரிஸ் இன்னொன்றையும் பதிவு செய்தார். வேறொரு வாலில்லாக் குரங்குக்குப் படம் போட்டால் தின்பண்டம் என்று பழக்கினார்கள். சீக்கிரமே அது தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டது. எதையோ கிறுக்கிவிட்டு உடனே கையை நீட்டியது.

அந்த நீட்டிய கையிலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கிறது.

தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ்

பரிசு கொடுத்தால் ஆர்வம் கூடும் என்பது பொதுப் புத்தி. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை இதைத் தலைகீழாக்கியது.

இடம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளி. தானாகவே ஸ்கெட்ச் பேனாவை எடுத்து வரையப் பிடித்த 51 குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களை மூன்றாகப் பிரித்தார்கள்.

1. முதல் குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே காட்டினார்கள்.

2. இரண்டாவது குழுவிடம் எதுவும் சொல்லவில்லை. வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள்.

3. மூன்றாவது குழுவுக்குச் சான்றிதழே இல்லை.

ஒன்றிரண்டு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா மேசைமேல் வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று மறைந்திருந்து பார்த்தார்கள். பரிசே இல்லாத குழந்தைகள் தங்கள் நேரத்தில் சுமார் 17 சதவீதத்தை வரைவதில் செலவழித்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்கள் சுமார் 18 சதவீதம். பரிசு உண்டு என்று சொல்லி வரையவைக்கப்பட்டவர்கள் 9 சதவீதத்துக்கும் குறைவு. சோதனையின்போது அவர்கள் வரைந்த படங்களின் தரமும் மற்றவர்களுடையதைவிடக் குறைவு என்று, எந்தப் படம் எந்தக் குழுவினுடையது என்று அறியாத நடுவர்கள் மதிப்பிட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டாவது குழு. சான்றிதழ் அதேதான், நட்சத்திரமும் அதேதான், ஆனால் கேடு இல்லை. ஆக, பரிசு என்ற பொருள் குற்றவாளி அல்ல. "இதைச் செய்தால் அது கிடைக்கும்" என்று முன்னே வந்து நிற்கும் நிபந்தனைதான். அது குழந்தையின் மனத்துக்குள் "நான் ஏன் வரைகிறேன்?" என்ற கேள்விக்கான பதிலை மாற்றி எழுதிவிடுகிறது. பிடித்திருக்கிறது என்ற பதில் இருந்த இடத்தில் சான்றிதழுக்காக என்ற பதில் உட்கார்ந்துகொள்கிறது. சான்றிதழ் போனதும், வரையக் காரணமும் போய்விடுகிறது.

பெரியவர்களிடமும் இதைப் பார்த்தார்கள். 1985-இல் தெரசா அமாபிலே என்ற உளவியலாளர், எழுதுவதில் ஈடுபாடுள்ள 72 பேரை அழைத்துச் சிறு கவிதை ஒன்றை எழுதச் சொன்னார். பிறகு ஒரு பிரிவினரிடம், பணம், புகழ், வேலைவாய்ப்பு என எழுதுவதற்கான வெளிக் காரணங்களின் பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். இன்னொரு பிரிவினருக்கு, எழுதும் இன்பத்தைப் பற்றிய பட்டியல். சில நிமிட வேலை. அதன் பிறகு மறுபடியும் ஒரு கவிதை. வெளிக் காரணங்களை நினைத்துப் பார்த்தவர்களின் இரண்டாவது கவிதையைக் கவிஞர்களான நடுவர்கள் படைப்பூக்கம் குறைந்தது என்று மதிப்பிட்டார்கள். கவிதைக்கென்று எந்தப் பரிசும் பேசப்படவில்லை. நினைத்துப் பார்த்ததற்கே அந்த விளைவு.

இவற்றை எல்லாக் காலத்துக்கும் எல்லோருக்கும் பொருந்தும் விதியாக்குவது தவறு. பரிசு ஆர்வத்தைக் கெடுக்கிறதா என்பதில் உளவியலாளர்களிடையே 1990-களில் கடும் விவாதம் நடந்தது. 1999-இல் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரயன் ஆகியோர் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னது இது: முன்கூட்டியே பேரம் பேசப்படும் பொருள் பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கிறது, உண்மையான பாராட்டுச் சொல் அப்படிக் குறைப்பதில்லை, கூட்டவும் செய்கிறது.

நம் ஊர் ஓவியப் போட்டிகளை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் மனம் வலிக்கிறது. தலைப்பு அவர்கள் கொடுப்பது, நேரம் ஒரு மணி, வானம் நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்று வகுப்பில் முன்பே பழக்கியாயிற்று, வெளியே பெற்றோர் கோப்பைக்காகக் காத்திருக்கிறார்கள். குழந்தை முடிவு செய்வதற்கு அதில் மிஞ்சியிருப்பது என்ன?

செய்தவரும் செய்வித்தவரும்

இப்போது இயந்திரத்துக்கு வரலாம்.

கொலராடோவில் பரிசு வாங்கிய படத்தை உருவாக்கிய ஜேசன் ஆலன், வாசகத்தைப் படமாக்கும் மிட்ஜர்னி என்ற மென்பொருளுக்குக் குறைந்தது 624 முறை வாசகங்களை மாற்றி மாற்றிக் கொடுத்ததாகச் சொன்னார். அவருக்கு வேட்கையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 624 முறை திரும்பிப் போனவரிடம் ஏதோ ஒன்று எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஆனாலும் 2023-இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அந்தப் படத்தைப் பதிவு செய்ய மறுத்தது.

குழப்பத்தைத் தீர்க்கத் தமிழ் இலக்கணம் ஏற்கெனவே ஒரு கருவியைக் கையில் கொடுத்திருக்கிறது: தன்வினை, பிறவினை. செய்தான், செய்வித்தான். தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜன் கட்டினான் என்று நாம் போகிற போக்கில் சொல்கிறோம். அவனுடைய கல்வெட்டு அதைவிடத் துல்லியமானது: "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" என்கிறது. எடுத்த என்று இல்லை. எடுப்பிச்ச, அதாவது எழுப்பச் செய்த. குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயரும் அதே கோயில் கல்லில் இருக்கிறது. மன்னனின் விருப்பம் சிறியதல்ல. அது இல்லையென்றால் கோயிலே இல்லை. ஆனால் ஒவ்வொரு கல்லின் முனையிலும் முடிவெடுத்த கைகள் வேறு. இரண்டையும் சொல்ல மொழியில் இடம் இருந்தது, கல்லிலும் இடம் கொடுத்தார்கள்.

வாசகம் எழுதிக் கொடுத்துப் படம் பெறுபவர் செய்வித்தவர். "மழையில் நனையும் தெரு, மாலை வெளிச்சம்" என்று எழுதுவது ஒரு முடிவு. அந்தத் தெருவின் ஈரத்தில் விளக்கு எத்தனை துண்டாகச் சிதற வேண்டும், ஓரத்துச் சுவரில் காரை எங்கே பெயர்ந்திருக்க வேண்டும் என்ற முடிவுகளை எடுப்பது மென்பொருள். லட்சக்கணக்கான மனிதர்கள் ஏற்கெனவே வரைந்தவற்றிலிருந்து கற்ற கணக்குகளை வைத்துக்கொண்டு. வந்த பத்துப் படங்களில் ஒன்றைப் பொறுக்கும்போது மனிதர் மறுபடி முடிவெடுக்கிறார். நடுவில் இருக்கும் நீண்ட வழி அவருடையது அல்ல. நேக் சந்தின் வேட்கை குடியிருந்தது அந்த நடுவழியில்தான்.

பெருந்தச்சனுக்கும் மென்பொருளுக்கும் ஒரு வேறுபாடு இருப்பதையும் சொல்லியாக வேண்டும். தச்சனுக்குக் கல் பிடித்திருந்தது, அல்லது பிடிக்காமல் போனது. மென்பொருளை யாரும் கேட்காதபோது அது எதையும் வரைவதில்லை. சும்மா இருந்தால் அதன் கை துறுதுறுப்பதில்லை.

சட்டங்கள் எங்கே நிற்கின்றன

சட்டம் வேட்கையைத் தேடுவதில்லை. மனிதத் தேர்வு வேலையில் எந்த அளவு படிந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது.

1. அமெரிக்கா. ஸ்டீஃபன் தேலர் என்பவர், தன் கணினி அமைப்பே தனியாக உருவாக்கிய படத்துக்கு அந்த அமைப்பையே ஆசிரியராகப் பதிவு செய்யக் கேட்டார். 2023 ஆகஸ்டில் நீதிமன்றம் மறுத்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆசிரியர் என்றால் மனிதர். படக்கதை நூல் ஒன்றில் மனிதர் எழுதிய சொற்களுக்கும் பக்க அமைப்புக்கும் பாதுகாப்பு உண்டு, மென்பொருள் தந்த தனிப் படங்களுக்கு இல்லை என்று 2023 பிப்ரவரியில் பதிப்புரிமை அலுவலகம் பிரித்துக் காட்டியது. வாசகம் கொடுப்பது மட்டும் போதிய கட்டுப்பாடு ஆகாது என்று 2025 ஜனவரியில் அறிக்கையும் வெளியிட்டது.

2. சீனா. 2023 நவம்பரில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம், வாசகங்களையும் மென்பொருளின் அமைப்பு அளவுகளையும் பலமுறை திருத்திப் படம் பெற்றவரின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் திருத்தங்களில் அவருடைய அறிவுழைப்பு தெரிகிறது என்றது.

3. இந்தியா. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தின்போது ஒரு பிரிவு சேர்ந்தது: கணினி உருவாக்கும் படைப்புக்கு, அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர். இதுவும் பிறவினைதான்! வேர்ட் கோப்புகளின் காலத்தில் எழுதிய இந்த வரி இன்றைய மென்பொருளுக்கு எவ்வளவு நீளும் என்பது கேள்வி. உழைப்பு மட்டும் போதாது, சிறிதளவேனும் படைப்பூக்கம் வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

ஆக, ஒரு படத்துக்கு உரிமை கிடைத்தது என்பதால் அது கலை என்றாகிவிடாது. உரிமை கிடைக்கவில்லை என்பதால் கலை இல்லை என்றும் ஆகிவிடாது. நேக் சந்த் காட்டுக்குள் வேலை செய்த காலத்தில் அந்த மண்ணில் நிற்பதற்கே அவருக்கு உரிமை இல்லை.

"ஆசைக்குத்தானே செய்கிறாய்?"

வேட்கையைப் பற்றிய பேச்சு ஓரிடத்தில் ஆபத்தாகிறது. பணம் வேட்கையைக் கெடுக்கும் என்ற ஆய்வைப் பாதி மட்டும் படித்துவிட்டு, அப்படியானால் கலைஞருக்குக் கூலி எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அட்டைப்படம் வரைந்தவரிடம், மேடையில் பாடியவரிடம், "உங்களுக்கும் பிடித்த வேலைதானே" என்று சிரித்துக்கொண்டே வெறுங்கையோடு அனுப்புகிறார்கள். கலைஞர்களின் படங்களைக் கேட்காமலே அள்ளி மென்பொருளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கும் இதே சாக்கு பயன்படுகிறது.

ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அவை சொல்வது, கூலி வந்து தேர்வைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பதைத்தான். இந்த நிறம் போட்டால் இவ்வளவு, அந்த முகம் வைத்தால் இவ்வளவு என்று ஒவ்வொரு முடிவையும் விலை பேசினால் வேட்கைக்கு நிற்க இடம் இருக்காது. வீட்டு வாடகை கட்டும் அளவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, தேர்வைக் கலைஞரிடமே விட்டால் அப்படி நேர்வதில்லை.

இதற்கும் சண்டிகரில் விடை இருக்கிறது. தோட்டத்தைத் திறந்த பிறகு, அரசு நேக் சந்தை அதே தோட்டத்தின் பொறுப்பில் அமர்த்தி, சம்பளம் கொடுத்து, 50 தொழிலாளர்களையும் தந்தது. பதினெட்டு ஆண்டு சம்பளமில்லாமல் செய்தவருக்குச் சம்பளம் வந்தது. அவர் நிறுத்தவில்லை, வேலை நீர்த்துப்போகவும் இல்லை. அருவிகளும் முற்றங்களும் வளைவுகளும் சேர்ந்து தோட்டம் பல மடங்கு பெருகியது. ஸ்டான்ஃபோர்டின் இரண்டாவது குழுக் குழந்தைகளுக்குப்போல, பரிசு கேட்காமல் வந்தது. எந்தத் துண்டை எங்கே வைப்பது என்பதை அது முடிவு செய்யவில்லை.

கேடு வந்தது வேறு திசையிலிருந்து. 1990 வாக்கில் தோட்டத்தின் ஒரு பகுதியை இடித்துச் சாலை போட முயன்றபோது, மக்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்று தடுத்தார்கள். 1996-இல் அவர் வெளிநாடு போயிருந்த சமயத்தில் தொழிலாளர்களை விலக்கிக்கொண்டார்கள். காவலில்லாத தோட்டத்துக்குள் புகுந்தவர்கள் சிலைகளை உடைத்தார்கள். அவர் 2015-இல் இறந்தார். 2025-இல் பக்கத்து உயர் நீதிமன்றத்துக்கு வாகனம் நிறுத்த இடமும் சாலையும் வேண்டும் என்று, தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள். நகரத்துக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. இடிந்த ஊர்களின் துண்டுகளைப் பொறுக்கிக் கட்டிய தோட்டத்தின் சுவர், அன்று தானும் துண்டுகளாகக் கிடந்தது. சைக்கிளோடு வந்து அவற்றைப் பொறுக்க அவர் இல்லை.